பாறையேற்றமும் முதற் கயிறும்

ஏணை கட்டும் நாள் முதலாகப் பாடை கட்டும் நாள் ஈறாக மாந்தர் வாழ்வில் கயிற்றின் துணை வேண்டாத நாள் அரிது. ஆயினும் கயிறு என்பது ஒரே பொருளன்று. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு நம் மொழியே சான்றாகும். கன்றைக் கட்டுவது தாம்பு. தேரை இழுப்பது வடம். வில்லிற் பூட்டுவது நாண். எருதின் மூக்கிற் கோப்பது மூக்கணாங்கயிறு. கயிறு என்னும் பொதுப்பெயர் ஒன்று இருக்கவும், தொழில்தோறும் வெவ்வேறு பெயர் வழங்கியது சொல்வளத்தைக் காட்டுதற்கன்று. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது என்னும் பட்டறிவினாலேயாம். அப்பட்டறிவு இன்று புதியதொரு முயற்சியில் நமக்கு வேண்டப்படுகின்றது. அதனைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

பழந்தமிழ்ப் புலவர் தகடூர் நாடென்று போற்றிய நம் தருமபுரி, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இங்கே நீர்வளம் சிறிது, கல்வளம் பெரிது. பாலக்கோட்டுப் பக்கம் சென்றாலும், பென்னாகரத்துப் பக்கம் சென்றாலும், அரூரைத் தாண்டித் தீர்த்தமலை நோக்கிச் சென்றாலும், புன்செய்க் காடுகளுக்கிடையே மொட்டைப் பாறைகள் திடுமென எழுந்து நிற்பதைக் காணலாம். அண்டை மாநிலமாகிய கருநாடகத்தில், இராமநகரத்துப் பாறைகளில் பெங்களூர் இளைஞர் கயிறு கட்டி ஏறிப் பழகுகின்றனர். இச்செய்தியைக் கேள்வியுற்ற நம் மாணவருட் சிலர், ‘நம் ஊர்ப் பாறையில் நாமும் ஏறினால் என்ன?’ என வினவத் தலைப்பட்டுள்ளனர். வினா நன்றே. உடலுறுதியும் நெஞ்சுறுதியும் ஒருங்கே தரும் விளையாட்டு இதுபோற் சிலவே.

ஆனால் இவ்வினாவின் பின்னே, ‘முதற் கயிறாக எதனை வாங்குவது?’ என்னும் மற்றொரு வினா வருகின்றது. அதற்குப் பலர் கூறும் விடை இது: ‘முதலில் கடைத்தெருவில் கிடைக்கும் தடித்த கயிறு ஒன்றை வாங்கிப் பழகுவோம், கைதேர்ந்த பின்னர் விலையுயர்ந்த கயிற்றை வாங்கிக்கொள்வோம்.’ சிக்கனமுடைய விடைபோல் இது தோன்றும். கையெழுத்துப் பழகுதற்கு மட்டமான தாளும், மிதிவண்டி பழகுதற்குப் பழைய வண்டியும் போதுமன்றோ என்பர். பாறையேற்றத்துக்கு இவ்வுவமை பொருந்தாது என்பதும், முதற் கயிறே ஏற்ற கயிறாக இருத்தல் வேண்டும் என்பதும், அதனை வாங்க இயலாவிடின் வாங்குமளவும் ஏறாதிருத்தலே அறிவுடைமை என்பதும் எம் கருத்து. காரணங்களைக் காட்டுவோம்.

கயிற்றின் தகுதியை அதன் தொழிலைக் கொண்டே அறிதல் வேண்டும். மின்சாரப் பம்பு வருவதற்கு முன் நம் மாவட்டத்து உழவர் கவலை பூட்டி நீரிறைத்தனர். அதற்கு இரண்டு கயிறுகள் உண்டு. நீர் நிறைந்த சாலின் முழுப்பாரத்தையும் தாங்கி மேலே இழுப்பது தடித்த வடக்கயிறு. சாலின் அடியிலுள்ள தோல் தும்பியைப் பிடித்திருந்து, மேலே வந்தவுடன் நீரை வாய்க்காலிற் கொட்டச் செய்வது மெல்லிய வால்கயிறு. இரண்டும் ஒரே கிணற்றில், ஒரே எருதுகளின் பின்னே, ஒரே நேரத்தில் ஓடுவன. ஆயினும் வடத்தின் இடத்தில் வால்கயிற்றைக் கட்டும் உழவன் எவனும் இலன். நூற்கல்வி இல்லாத பாட்டனார் அறிந்த இவ்வுண்மையைக் கல்லூரியிற் பயிலும் பேரன் மறக்கலாமோ?

அவ்வாறாயின், பாறையேறுவோனுக்குக் கயிறு செய்யும் தொழில் யாது? ஏறுதற்கு உதவுவது என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. ஏறுவோன் தன் கையாலும் காலாலுமே ஏறுகின்றான். அவன் ஏறும்பொழுது கயிறு வேலையின்றி அவன் இடையிலிருந்து தொங்குகின்றது. அவன் வீழும்பொழுதே அதற்கு வேலை வருகின்றது. ஆகவே, ‘இக்கயிறு எவ்வளவு எடையைத் தாங்கும்?’ என்று கடைக்காரரைக் கேட்பது போதாது. ‘வீழும் உடலை இக்கயிறு எவ்வாறு நிறுத்தும்?’ என்பதே கேட்கத்தக்க வினா. இவ்விரண்டு வினாவுக்கும் இடையேதான் ஓர் உயிர் நிற்கின்றது.

சிறு கணக்கொன்றால் இது விளங்கும். ஐந்து மீட்டர் வீழ்ந்த உடல் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து மீட்டர் வேகம் அடைகின்றது. அவ்வேகத்தை நீட்சியற்ற கயிறு ஒரு சாண் தொலைவுக்குள் நிறுத்துமாயின், வீழ்ந்தவன் தன் எடையைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட இழுப்புக்கு ஆளாவான். கயிறு அறாது, ஆயின் அவன் முதுகெலும்பு முறியலாம், பாறையில் அறைந்த முளை பிடுங்கிக்கொள்ளலாம். அதே வேகத்தை ஒன்றரை மீட்டர் நீண்டு கொடுத்து நிறுத்தும் கயிறாயின், சராசரி இழுப்பு நான்கைந்து மடங்கோடு நின்றுவிடும். முன்னதில் வீழ்ந்தவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். பின்னதில் அவன் சற்று ஊசலாடிவிட்டு மீண்டும் ஏறத் தொடங்குவான். விட்டுக்கொடுக்கும் தன்மையே இங்கு வலிமை எனப்படுகின்றது.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நெடுந்தொலைவு வீழ்வதே கொடிது என்று நாம் நினைக்கின்றோம். கயிற்றைப் பொறுத்தமட்டில் அஃது உண்மையன்று. வீழ்ந்த தொலைவை, அவ்வேளை வெளியே விடப்பட்டிருந்த கயிற்றின் நீளத்தால் வகுத்துவரும் எண்ணே இழுப்பின் கொடுமையைக் காட்டுவது. அதனை வீழ்ச்சி விகிதம் என்னலாம். இருபது மீட்டர்க் கயிறு வெளியே இருக்கையில் ஐந்து மீட்டர் வீழ்ந்தால் விகிதம் காலே. ஐந்து மீட்டர்க் கயிறே வெளியே இருக்கையில் அதே ஐந்து மீட்டர் வீழ்ந்தால் விகிதம் ஒன்று. நீண்ட கயிறு மிகுதியாக நீண்டு கொடுக்கின்றது. குறுங்கயிற்றுக்கு நீளுதற்கு இடமில்லை. எனவே தரைக்கு அருகே, ஏற்றத்தின் தொடக்கத்திலேயே கடுமையான இழுப்பு நேர்கின்றது. தொடங்குவோர் மிகுதியாக நிற்கும் இடமும் அதுவன்றோ? ‘தொடங்குவோனுக்கு எக்கயிறும் போதும்’ என்பது எத்துணைப் பிழை என்பது இதனாற் பெறப்படும்.

வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே மாட்டர்ஹார்ன் என்னும் கூர்ஞ்சிகரம் உளது. 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலரும் துணைவர் அறுவரும் அதன் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். எழுவரும் ஒரே தொடராகக் கயிறு பிணைத்து இறங்குகையில், ஹாடோ என்னும் இளைஞர் கால்வழுக்கி முன்னிருந்தவர்மேல் வீழ்ந்தார். அவ்விருவரும் வேறிருவரை இழுத்துச் சென்றனர். நான்காமவருக்கும் மூத்த டாக்வால்டர் என்னும் வழிகாட்டிக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் மாண்டனர், மூவர் எஞ்சினர். பின்னர்ப் பார்த்தபொழுது, அறுந்தது அவர்கள் கொணர்ந்த கயிறுகளுள் மிகப் பழையதும் மெல்லியதும் என்பது தெரிந்தது. உயிர் தாங்குதற்கென்று அதனை அவர்கள் கொணரவில்லை. வேறு வலிய கயிறுகளும் அவர்களிடம் இருந்தன. அதற்கு முந்திய 1864-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஆல்பைன் கழகத்தார் பலவகைக் கயிறுகளைச் சோதித்து, எவை தக்கவை என அறிவித்துமிருந்தனர். அறிவும் இருந்தது, நற்கயிறும் இருந்தது, அவ்விடத்தில் அவ்வேளையில் எடுத்த கயிறுதான் தவறாயிற்று. அறுந்த துண்டு செர்மாட் நகரக் காட்சிச்சாலையில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. மாண்ட ஹாடோவுக்கு வயது பத்தொன்பது. நம்முட் பலருடைய வயதும் அதுவே.

அக்காலத்துக் கயிறுகள் சணல், மணிலா நார் முதலியவற்றால் திரித்தவை. அவை நீண்டு கொடா. அதனால், ‘முன்னே ஏறுவோன் வீழவே கூடாது’ என்பது அக்கால மலையேறிகளின் விதியாக இருந்தது. 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்னும் வேதியியலார் நைலான் இழையை உண்டாக்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் கயிறு மலைகளுக்கு வந்தது. 1953-இல் செருமானிய நிறுவனமாகிய எடெல்ரிட், உள்ளே முறுக்கிழைகளும் வெளியே பின்னிய உறையும் உடைய கயிற்றை ஆக்கிற்று. உள்ளிழை வீழ்ச்சியைத் தாங்கும். உறை உள்ளிழையைக் காக்கும். இன்று பாறையேறுவோர் கைக்கொள்ளும் கயிறுகள் இவ்வமைப்பினவே. வீழ்ந்தாலும் பிழைக்கலாம் என்னும் நிலை இதனால் வந்தது. இந்நன்மையை நமக்குத் தரும் கயிறு கிடைக்கவும், அதனை விட்டு நூறாண்டுக்கு முந்திய நிலைக்கு நாமே திரும்பிச் செல்வது பேதைமை.

இனி, வாங்கத் தக்கது யாது என்பதைச் சொல்வோம். கடைகளில் மூவகைக் கயிறுகளைக் காணலாம். சுமை கட்டவும் பந்தல் கட்டவும் விற்கப்படும் மஞ்சள், நீல நிறத்துப் பாலிபுரொப்பிலீன் கயிறு முதல்வகை. அது வெயிலில் நைந்துபோகும். ஏறத்தாழ 165 பாகை வெப்பத்தில் உருகிவிடும். உயிரை அதில் தொங்கவிடுதல் ஆகாது. இரண்டாம் வகை, ‘ஸ்டாட்டிக்’ எனப்படும் நீளாக் கயிறு. குகையில் இறங்குவோரும், மீட்புப் பணியாளரும், உயர்ந்த மாடங்களில் தொங்கி வேலை செய்வோரும் கொள்வது இது. இதுதான் மாணவரை மயக்கும் கயிறு. ஏனெனில் இஃது உண்மையிலேயே வலியது. இதன் ‘ஏ’ வகை 22 கிலோநியூட்டன், அஃதாவது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும். ஆனால் நீட்சி நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாது. அசையாத பாரத்துக்கு அது நண்பன். வீழும் உடலுக்குப் பகைவன். மூன்றாம் வகை, ‘டைனமிக்’ எனப்படும் நீளும் கயிறு. முன்னே ஏறுவோனுக்கு உரியது இஃது ஒன்றே. மேலிருந்து கயிறு கட்டிப் பழகுவோருக்கும் இது பயன்படுமாதலால், முதற் கயிறு இதுவாகவே இருக்கட்டும்.

இதனை எவ்வாறு அடையாளம் காண்பது? நிறமும் தடிப்பும் சான்றல்ல. கடைக்காரர் வாய்ச்சொல்லும் சான்றன்று. கயிற்றின் நுனியில் ஒட்டிய பட்டையைப் பார்க்க. வட்டத்துக்குள் ‘1’ என்னும் எண் இருப்பின், தனியாகவே பயன்படும் ஒற்றைக் கயிறு என்று பொருள். பாதி எண்ணோ, பின்னிய இரு வட்டங்களோ இருப்பின், அவை இரண்டிரண்டாகப் பயன்படுத்தற்குரியவை, தொடங்குவோர்க்கு வேண்டா. அதனுடன் இ.என். 892 என்னும் தர எண்ணோ, 1932-இல் தோன்றிய உலக மலையேற்றச் சங்கங்களின் ஒன்றியமாகிய யு.ஐ.ஏ.ஏ.-யின் முத்திரையோ இருத்தல் வேண்டும். 80 கிலோ எடையைக் கட்டிக் கடுமையான விகிதத்தில் மீண்டும் மீண்டும் வீழ்த்தி, ஐந்து வீழ்ச்சிக்கேனும் அறாத ஒற்றைக் கயிற்றுக்கே அம்முத்திரை கிடைக்கும். முதல் வீழ்ச்சியின் இழுப்பு 12 கிலோநியூட்டனை, அஃதாவது ஏறத்தாழ 1,200 கிலோ எடையை, மிஞ்சுதல் கூடாது என்பதும் விதி.

தடிப்பு 9.5 முதல் 10.2 மில்லிமீட்டர் வரை இருப்பது தொடங்குவோர்க்கு ஏற்றது. மெல்லிய கயிறு இலேசானது. ஆனால் பிடிப்போன் கையில் விரைந்து வழுக்கும். அன்றியும் நம் ஊர்ப் பாறை வழவழப்பான பாறையன்று. அதன் படிகத் துகள்கள் அரத்தைப்போல் உறையை அராவும். ஆதலின் உறை தடித்த கயிறே இங்கு நெடுநாள் உழைக்கும். நீளம் 60 மீட்டர் இருப்பது நலம். உச்சியில் வளையத்தின் வழியே சென்று கயிறு இரட்டித்து இறங்குமாதலால், 60 மீட்டர்க் கயிற்றால் 30 மீட்டர்ப் பாறையினின்றே இறக்கமுடியும். இக்கணக்கை மறந்து, இறக்கும்போது கயிற்றின் நுனி பிடிப்போன் கையைவிட்டு ஓடிப்போக மாண்டவர் பல நாடுகளிலும் உளர். நுனியில் ஒரு முடிச்சு இட்டுவைத்தால் இவ்விபத்து நேராது. இம்முடிச்சுக்கு விலை ஒன்றுமில்லை. பனிமலைக்கென நீர் ஏறாதவாறு பதப்படுத்திய கயிறுகள் மிகுவிலைக்கு விற்கும். வெயில் காயும் தருமபுரியில் அதற்குப் பணம் செலவிடுதல் வீண். மழை நாளில் ஏறாதிருந்தால் போதும்.

‘இவையெல்லாம் சரியே, பல ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவது?’ என்பர் நண்பர். இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. விடுதிக் கட்டணத்துக்கே தந்தையார் கடன்படும் வீடுகளினின்று நம்முட் பலர் வருகின்றனர். ஆனால் வறுமைக்கு விடை மட்டக் கயிறன்று, பொதுக் கயிறு. ஒருவர் வாங்கமுடியாததை எண்மர் கூடி வாங்கலாம். கல்லூரி விளையாட்டுத் துறை மட்டையும் பந்தும் வாங்குவதுபோல் கயிறொன்றை வாங்கிக் காக்கலாம். ஓராண்டு மாணவர் விட்டுச்செல்ல, மறு ஆண்டு மாணவர் எடுத்தாளலாம். அக்கயிறு பொதுவாயினும் அதனைக் காப்போர் ஒருவராக இருத்தல் வேண்டும். வாங்கிய நாள், எடுத்த நாள், நேர்ந்த வீழ்ச்சி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தல் வேண்டும்.

பிறர் பயன்படுத்திய கயிற்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாமோ எனின், ஆகாது என்போம். குறுந்தொகையின் 273-ஆம் பாட்டில் சிறைக்குடி ஆந்தையார் ஓர் உவமை கூறுகின்றார். மலைத்தேனை விரும்பிய பேதை ஒருவன், வரையிற் சார்த்திய மால்பு பழையதென்பதை அறியாமலே அதன்மேல் ஏறுகின்றான். மால்பு என்பது மலைவாணர் தேனெடுக்க ஏறும் மூங்கிலேணி. பழமை குற்றமன்று, பழமையை அறியாது ஏறுவதே குற்றம் என்பது அவ்வுவமையின் கருத்தாக எமக்குத் தோன்றுகின்றது. பிறர் கயிறும் அத்தகைய மால்பே. அஃது எத்தனை வீழ்ச்சி கண்டது, எத்தனை நாள் வெயிலிற் கிடந்தது, பாட்டரியின் அமிலம் பட்டதோ என்பவற்றைக் கண்ணாற் காணமுடியாது. அமிலம் பட்ட நைலான் வெளியே புதிதுபோலிருந்தும் உள்ளே இற்றுப்போயிருக்கும்.

நம் கயிற்றையும் நாம் அறிந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் நுனி முதல் நுனி வரை விரலால் உருவிப் பார்க்க. எங்கேனும் குழைந்தோ, தட்டையாகியோ இருந்தாலும், உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தாலும், கடுமையான வீழ்ச்சி ஒன்றைத் தாங்கியிருந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுக. ஒருமுறையும் பயன்படாவிடினும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்பர் செய்வோர். மண்ணிற் போட்டு மிதித்தல் ஆகாது. அழுக்கானால் மெல்லிய சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துக. நைலான்மேல் நைலான் உராய்ந்தால் வெப்பத்தால் உருகி அறுமாதலால், ஒரே வளையத்தில் இரு கயிறுகளை ஓடவிடற்க.

இத்தனையும் கூறியபின் இன்னும் ஒன்று கூறவேண்டியிருக்கின்றது. எத்துணை நல்ல கயிறும் அதனைப் பிடிப்போன் அளவுக்கே நல்லது. ஏறுவோன் உயிர் கீழே நின்று கயிறு காப்போன் கையில் இருக்கின்றது. அக்கலையை நூலிற் கற்கமுடியாது. கற்றார் ஒருவர் அருகிருந்து காட்டக் கற்றல் வேண்டும். டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் மலையேற்றப் பயிற்சிக் கழகங்கள் ஏற்பட்டன. உத்தரகாசியிற் பயின்ற பச்சேந்திரி பால் அம்மையார் 1984-இல் எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார். நம் சகோதரிகளும் இதனை நினைவிற் கொள்வாராக. அத்துணைத் தொலைவு செல்ல இயலாதோர், தேர்ந்த குழுவினரை அடுத்து, அவர்கள் கயிற்றிலேயே முதலிற் பழகட்டும். இதனால் கயிறு வாங்கும் செலவும் சில காலம் தள்ளிப்போகும். மேலும் நம் குன்றுகள் பல காப்புக்காடுகளில் உள்ளன. வனத்துறையின் இசைவு பெறுக. கோயில் உள்ள பாறைகளை விட்டுவிடுக. வெடிவைத்துத் தகர்த்த கற்சுரங்கச் சுவர்களில் கல் பெயருமாதலால் அவற்றை அணுகற்க. மலைத்தேனீக் கூடு தொங்கும் பாறைக்கு எட்டியே நிற்க.

மாணவ நண்பர்காள்! நம் பாறைகள் எங்கும் போய்விடா. ஓராண்டு பொறுத்து நாம் சென்றாலும் அவை அங்கேயே நிற்கும். நம்மைப் பெற்றோர்க்கோ நாம் ஒருமுறையே கிடைத்தோம். கையிற் பணமும் அருகில் ஆசானும் வாய்க்குமளவும் பொறுத்திருப்பதை யாரும் கோழைமை என்னார். பொறுத்திருந்து, நுனிப் பட்டையைப் படித்து, கணக்கிட்டு, கூடி வாங்கி, அதன் பிறகு ஏறுவோமாக. நம் முதற் கயிறு நம் வீழ்ச்சியை எதிர்நோக்கி வாங்கிய கயிறாக இருக்கட்டும். அப்பொழுது நாம் அச்சமின்றி ஏறலாம்.